கைபேசியில் கற்ற போக்கரை மேசைக்குக் கொண்டுவருவது எப்படி? தொடக்கநிலையாளருக்கான செய்முறை

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி வட்டாரத்தில் ரம்மி தெரிந்தவர் ஒருவராவது இல்லாத குடும்பம் அரிது. போக்கரையோ இன்றைய இளைஞர்கள் பெரும்பாலும் கைபேசித் திரையில்தான் முதலில் பார்க்கிறார்கள். இலவசச் செயலியில் டெக்சாஸ் ஹோல்டெம் (ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு என்று ஆடும் போக்கர் வகை) ஆடிப் பழகியவர், வீட்டிலேயே ஐந்தாறு பேரை உட்காரவைத்துச் சீட்டுக்கட்டோடு ஆடத் தொடங்கும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். இரண்டிலும் விதிகள் ஒன்றே. ஆனால் கைபேசியில் அவற்றைச் செயலி காக்கிறது. மேசையில் ஆடுபவர்கள்தாம் காக்க வேண்டும். இணைய ஆட்டத்துக்கும் நேரடி ஆட்டத்துக்கும் உள்ள மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் கருத்து.

படி 1: பணத்தை முதலில் விலக்குங்கள்

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை, அவை திறமை சார்ந்தவையா அதிர்ஷ்டம் சார்ந்தவையா என்று பிரித்துப் பார்க்காமல் தடை செய்துவிட்டது. ஆகவே பணம் கட்டச் சொல்லும் செயலி எதுவாக இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். வீட்டு மேசையிலும் காசு வேண்டாம். இணையச் சூதாட்டக் கடனால் குடும்பங்கள் சிதைந்ததைத் தமிழ்நாடு போதுமான அளவு பார்த்துவிட்டது. போக்கரின் அழகை ரசிக்க ஒரு ரூபாயும் தேவையில்லை.

படி 2: செயலியிடம் எதைக் கற்பது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எந்தக் கை (ஐந்து சீட்டுச் சேர்க்கை) எந்தக் கையை வெல்லும், யார் எப்போது பேச வேண்டும் (தம் முடிவைச் சொல்ல வேண்டும்) என்ற இரண்டையும் கற்பதற்குக் கைபேசியைவிட நல்ல ஆசிரியர் இல்லை. செயலியில் ஒரு மணி நேரத்துக்கு அறுபது ஆட்டங்களுக்கு மேல் முடிந்துவிடும். மேசையில் பழகிய கைகள் சீட்டுப் போட்டாலே இருபத்தைந்து, முப்பதுதான் தேறும். கையில் இரண்டு ஏஸ் வருவது சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒரு முறை. அப்படியானால் நேரடி ஆட்டத்தில் அதைப் பார்க்கவே ஏழு, எட்டு மணி நேரம் ஆகலாம். கைபேசியின் வேகத்துக்குப் பழகியவர்கள் இந்தக் காத்திருப்பைத் தாங்காமல், ஃபோல்ட் செய்ய (விலக) வேண்டிய சீட்டுகளோடு உள்ளே நுழைந்துவிடுகிறார்கள்.

பிளஃப் செய்வதை, அதாவது நல்ல கை இருப்பதுபோல் காட்டி எதிரியை விலகவைப்பதை, மட்டும் இலவசச் செயலியில் கற்க முயலாதீர்கள். அங்கே சிப்ஸ் (பந்தயம் வைக்கும் வில்லைகள்) தீர்ந்தால் மறுபடியும் இலவசமாகக் கிடைக்கும் என்பதால், யாரும் எதற்கும் பயந்து விலகுவதில்லை.

படி 3: மேசையைத் தயார் செய்யுங்கள்

ஒரு சீட்டுக்கட்டை எடுத்து ஜோக்கர்களை நீக்கி, மீதி 52 இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். நம் ஊர்க் கோடையில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது, விரல் வியர்வையில் காகிதச் சீட்டு ஒட்டிக்கொள்ளும், ஓரம் மடங்கும், மடங்கிய சீட்டை எல்லாரும் பின்பக்கத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடுவார்கள். ஆகவே பிளாஸ்டிக் சீட்டு வாங்குவதே நல்லது. மேசைமேல் தடித்த போர்வை ஒன்றை விரியுங்கள். வழுவழுப்பான பலகையிலிருந்து சீட்டை எடுக்க நகத்தால் தூக்க வேண்டியிருக்கும், அப்போது பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படும். மின்விசிறி நேர் மேலே இருந்தால் மேசையைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

சிப்ஸ் இல்லையென்றால் மூன்று நிற அட்டைகளை வட்டமாக வெட்டிக்கொள்ளலாம். ஒருவருக்கு ஐந்து மதிப்பில் பத்து, இருபத்தைந்து மதிப்பில் பத்து, நூறு மதிப்பில் ஏழு கொடுத்தால் மொத்தம் 1000 ஆகும். சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்தான் பிளைண்ட். சின்ன பிளைண்ட் 5, பெரிய பிளைண்ட் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கலைத்து, வெட்டி, போடுங்கள்

கட்டை இரண்டாகப் பிரித்து ஓரங்களைக் கோத்துக் கலைக்கும் முறையில், ஏறத்தாழ ஏழு முறை கலைத்தால்தான் சீட்டுகள் நன்றாகக் கலையும் என்று டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற கணிதவியலாளர்கள் 1992இல் நிறுவினார்கள். கலைத்த பின் பக்கத்தில் இருப்பவர் வெட்ட வேண்டும். டீலர் பட்டன் (சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்டும் அடையாள வில்லை) இருக்கும் இடத்துக்கு இடப்பக்கத்தில் தொடங்கி ஒவ்வொரு சீட்டாக இரண்டு சுற்றுப் போடுங்கள். ஃபிளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு), டர்ன் (நான்காவது), ரிவர் (ஐந்தாவது) ஒவ்வொன்றுக்கும் முன்னால் மேலே உள்ள ஒரு சீட்டைக் கவிழ்த்தபடி ஒதுக்கிவையுங்கள். மேல்சீட்டை யாராவது தற்செயலாகப் பார்த்திருந்தாலும் அது பயன்படாமல் போவதற்காகவே இந்த ஏற்பாடு.

படி 5: வாயால் சொல்லிவிட்டுப் பந்தயம் வையுங்கள்

கைபேசியில் பழகியவர்கள் மேசையில் அதிகம் தடுமாறுவது இங்கேதான். திரையில் உங்கள் முறை வரும்போது மட்டுமே பொத்தான் ஒளிரும், தொகையையும் அதுவே காட்டும். மேசையில் அப்படி எதுவும் இல்லை. உங்கள் முறை வரும்வரை சீட்டை வீசாதீர்கள். முன்கூட்டியே விலகினால், உங்களுக்கு முன்னால் பேச வேண்டியவருக்கு எதிரி ஒருவர் குறைந்துவிட்டார் என்று இலவசமாகச் சொல்லிக்கொடுத்துவிடுகிறீர்கள்.

முறை வந்ததும் “கால்” (முன்னவர் வைத்த அளவே வைக்கிறேன்), “ரைஸ் அறுபது” (அறுபதாக உயர்த்துகிறேன்) என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொன்ன சொல் உங்களைக் கட்டுப்படுத்தும். ஒன்றும் சொல்லாமல், பத்து வைக்க வேண்டிய இடத்தில் நூறு சிப் ஒன்றை எறிந்தால் அது கால் என்றே கொள்ளப்படும், மீதி தொண்ணூறு உங்களிடம் திரும்பிவரும். கொஞ்சம் வைத்து, எதிரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் கையை எடுத்துப்போய் இன்னும் கொஞ்சம் சேர்ப்பதும் கூடாது. வைக்கும் சிப்ஸை உங்களுக்கு முன்னாலேயே அடுக்கிவையுங்கள். நடுவில் உள்ள குவியலில் கொட்டினால் எவ்வளவு வைத்தீர்கள் என்று யாராலும் எண்ண முடியாது.

படி 6: குவியலை நீங்களே கணக்கிடுங்கள்

ஆல்-இன் (இருப்பதை எல்லாம் வைப்பது) வரும்போது செயலி மௌனமாகச் செய்துவிடும் கணக்கை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். சித்தப்பாவிடம் 400, மாமாவிடமும் தம்பியிடமும் தலா 1000 இருக்கிறது. மூவரும் இருப்பதை எல்லாம் வைத்துவிட்டார்கள். ஒவ்வொருவரிடமிருந்தும் 400 எடுத்தால் முதன்மைக் குவியல் 1200. மாமா, தம்பி இருவரிடமும் மிஞ்சிய 600 சேர்ந்து பக்கக் குவியல் 1200. சித்தப்பா எவ்வளவு பெரிய கை வைத்திருந்தாலும் முதல் குவியலை மட்டுமே வெல்வார். பக்கக் குவியல் மற்ற இருவருக்குள் மட்டும் தீர்க்கப்படும். இதை விளையாடத் தொடங்கும் முன்பே ஒருமுறை எல்லாருக்கும் சிப்ஸை வைத்துக் காட்டிவிடுங்கள். உறவுக்காரர்கள் மேசையில் வரும் சச்சரவுகளில் பாதி இதனால்தான் வருகின்றன.

படி 7: முகத்தைவிட இருக்கையைக் கவனியுங்கள்

நேரடி ஆட்டம் என்றாலே முகத்தைப் படிப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். தொடக்கத்தில் அது அவ்வளவு முக்கியமில்லை. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர், இணையத் தகுதிப் போட்டி ஒன்றில் வென்று, வாழ்க்கையில் முதன்முறையாக நேரடிப் போட்டிக்கு வந்து, 839 பேர் ஆடிய உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றார். கைபேசியிலும் மேசையிலும் ஒன்றுபோலவே பயன்படும் அறிவு, யார் உங்களுக்குப் பின்னால் பேசப்போகிறார்கள் என்பதுதான். ஃபிளாப்புக்குப் பின், பட்டன் வைத்திருப்பவர் எல்லாருடைய முடிவையும், அவருக்கு வலப்பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலோரின் முடிவையும் பார்த்த பின் தம் முடிவை எடுக்கலாம். அங்கே அதிகச் சீட்டுகளோடு ஆடுங்கள், முதலில் பேச வேண்டிய இடத்தில் இருக்கும்போது குறைவாக ஆடுங்கள்.

படி 8: கடைசியில் சீட்டைத் திறந்து வையுங்கள்

செயலி உங்கள் கையின் பெயரைத் திரையிலேயே எழுதிக் காட்டும். மேசையில் நீங்களே படிக்க வேண்டும். பொதுச் சீட்டுகள் ராஜா, ராஜா, ஏழு, ஏழு, ஏஸ் என்று வந்திருக்க, உங்கள் கையில் இரண்டு ஐந்து இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த ஜோடியால் எந்தப் பயனும் இல்லை. சிறந்த ஐந்து சீட்டுகள் மேசையில் இருப்பவையே. எதிரியிடம் ராணியும் ஜாக்கும் இருந்தால் அவருக்கும் அதே கைதான், குவியலைச் சமமாகப் பிரிக்க வேண்டும். வாயால் என்ன சொன்னாலும் திறந்த சீட்டே தீர்ப்பு என்பது விதி. ஆகவே தோற்றுவிட்டதாக நினைத்துக் கையைக் கவிழ்த்து வீசிவிடாமல், இரண்டு சீட்டையும் திறந்து வையுங்கள், பக்கத்தில் இருப்பவர்களும் பார்த்துச் சொல்லட்டும்.

ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் பட்டனை ஓர் இடம் இடப்பக்கமாக நகர்த்துங்கள். போட்டியாக ஆடுகிறீர்கள் என்றால் பிளைண்ட்டை உயர்த்தும் வேலையும் உங்களுடையதே. ஒருவர் கைபேசியில் இருபது நிமிடத்துக்கு மணி வைத்து, ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் பிளைண்ட்டை இரட்டிப்பாக்கினால், ஆறு பேர் ஆடும் போட்டி ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.