ரேடாரும் அயனி மண்டலமும்: கணக்கு எங்கே தவறுகிறது?

விண்வெளிப் பொருளைத் தொடரும் ரேடாரின் அலை, போகும்போதும் வரும்போதும், வளிமண்டலத்தின் மேற்பகுதியில் எலெக்ட்ரான்கள் தனித்துத் திரியும் அயனி மண்டலத்துக்குள் புகுந்தாக வேண்டும். அங்குள்ள எலெக்ட்ரான்கள் அலைத் துடிப்பைத் தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்தைத் தூரம் என்று எண்ணி, இலக்கு இருப்பதைவிடத் தள்ளியிருப்பதாக ரேடார் காட்டும்.

இதில் எல்லா ரேடாருக்கும் ஒரே அளவு பாதிப்பு என்று நினைப்பதுதான் முதல் தவறு. அதிர்வெண் இரண்டு மடங்கானால் பிழை நான்கில் ஒரு பங்காகிவிடும். மார்ஷல் தீவுகளின் குவாஜலினில் உள்ள ஆல்டேர் ரேடாரையே எடுத்துக்கொள்வோம். அது 158, 422 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு அதிர்வெண்களில் இயங்கும். அலை போகும் பாதையில் சதுர மீட்டருக்கு 50×10¹⁶ எலெக்ட்ரான்கள் இருந்தால் 158-இல் பிழை சுமார் 800 மீட்டர். 422-இல் 113 மீட்டர். 10 ஜிகாஹெர்ட்ஸ் ரேடாராக இருந்தால் வெறும் 20 சென்டிமீட்டர்தான். இரண்டு அதிர்வெண்களிலும் அளந்து வித்தியாசத்தைப் பார்த்தால் எலெக்ட்ரான் அளவே தெரிந்துவிடும். வசதி இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை.

அந்த வசதி இல்லாதவர்கள் ஜிபிஎஸ் தரும் எலெக்ட்ரான் அளவை அப்படியே போட்டுவிடுகிறார்கள். கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அதனால் அவை தரும் அளவு அயனி மண்டலம் முழுவதற்குமானது. உங்கள் இலக்கு 400 கிலோமீட்டரில் இருந்தால், அதற்கு மேலே உள்ள எலெக்ட்ரான்களை அலை தொடவே இல்லை. முழு அளவையும் கழித்தால் இலக்கு நிஜத்தைவிடக் கிட்டே வந்துவிடும். அப்புறம், சாய்வையும் மறக்கக் கூடாது. அடிவானத்தை ஒட்டிப் போகும் அலை, செங்குத்தாகப் போவதைப்போல இரண்டு மூன்று மடங்கு எலெக்ட்ரான்களைக் கடக்கும்.

இரவில் தொல்லை இல்லை என்பதும் தவறான நம்பிக்கை. தாமதம் குறையும், சரி. ஆனால் பூமியின் காந்த நடுக்கோட்டை (நிலநடுக்கோட்டுக்கு அருகே ஓடுவது) ஒட்டிய இடங்களில் பொழுது சாய்ந்த பிறகுதான் அயனி மண்டலத்தில் எலெக்ட்ரான்கள் குறைந்த குமிழிகள் கிளம்பும். எதிரொலி கூடிக் குறைந்து துடிக்கும், சில நொடிகள் காணாமலும் போகும். கருவியைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

அலையின் முனைவாக்கத் தளமும், அதாவது அதன் மின்புலம் அதிரும் தளமும், வழியில் சுழலும். போகும்போது சுழன்றது வரும்போது நேராகிவிடாது, இரட்டிப்பாகும். நேர்கோட்டு முனைவாக்கத்தை மட்டும் வாங்கும் ஆன்டெனா எதிரொலியைத் தவறவிடக்கூடும். மின்புலம் சுழன்றபடியே போகும் வட்ட முனைவாக்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை.

சூரியனால் வரும் எல்லாத் தொல்லையையும் அயனி மண்டலத்தின் தலையில் கட்டுவதும் சரியல்ல. 1967 மே 23 அன்று அமெரிக்காவின் மூன்று ஏவுகணை எச்சரிக்கை ரேடார்கள் ஒரே நேரத்தில் திணறின. சோவியத் யூனியன் வேண்டுமென்றே முடக்குகிறதோ என்ற சந்தேகம் எழுந்தது. உண்மையில், சூரிய வெடிப்பின் ரேடியோ இரைச்சல் நேராக ஆன்டெனாவுக்குள் நுழைந்திருந்தது. அந்த இரைச்சல் வெடிப்போடு அடங்கிவிடும். பின்னால் வரும் புவிகாந்தப் புயலோ அயனி மண்டலத்தை நாள்கணக்கில் குலைத்துப் போடும். அதனால் இரைச்சல் நின்றதுமே பழைய திருத்த எண்களுக்குத் திரும்பிவிடாதீர்கள்.