டிசம்பரில் மின்ஸ் பை நீட்டினால்

பிரிட்டனில் இது உங்கள் முதல் டிசம்பர் என்றால், அலுவலகத்திலோ பிள்ளையின் பள்ளியிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது உள்ளங்கையில் அடங்கும் வட்டமான பலகாரம் ஒன்றை நீட்டுவார்கள். அதுதான் மின்ஸ் பை.

'மின்ஸ்' என்றால் கொத்துக்கறி ஆயிற்றே, உள்ளே கறி இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். உலர்திராட்சை, ஆப்பிள், சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, சாதிக்காய் எல்லாம் கலந்த இனிப்புப் பூரணம் அது. கடையில் ஜாடியில் 'மின்ஸ்மீட்' என்று விற்பதும் இதைத்தான். ஒரு காலத்தில் நிஜமாகவே கறி போட்டார்கள். 1615இல் ஆங்கில எழுத்தாளர் கெர்வாஸ் மார்க்கம் அச்சிட்ட செய்முறை ஆட்டுத்தொடையில் தொடங்குகிறது. பிறகு கறி மெல்ல மெல்ல விலகிவிட்டது, கொழுப்பு மட்டும் தங்கிவிட்டது.

சைவக்காரர்களும் மாட்டிறைச்சி தொடாதவர்களும் கவனிக்க வேண்டியது அந்தக் கொழுப்பைத்தான். சூயட் என்பது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு. இன்று சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் மின்ஸ் பைகள் பலவற்றில் தாவர எண்ணெயில் செய்த சூயட்தான் இருக்கிறது. ஆனாலும் பெட்டியில் வெஜிடேரியன் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வீட்டில் செய்து கொண்டு வந்தால் "வெஜிடேரியன் சூயட்டா?" என்று கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மேல்மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பவர்களும் உண்டு. பிராந்தி ஊற்றுவது சகஜம், மது தொடாதவர்கள் அதையும் சேர்த்தே கேளுங்கள்.

இயேசுவைத் தேடி வந்த ஞானிகள் மூவரின் காணிக்கைகளுக்காக மூன்று வாசனைப் பொருள்கள், தொழுவத்துத் தீவனத் தொட்டியை நினைவூட்ட அந்தக் காலத்தில் நீள்வடிவம், இப்போது மூடியில் நட்சத்திரம் என்றெல்லாம் விளக்கம் சொல்வார்கள். பாதி பிற்பாடு ஒட்டவைத்த கதை என்றுதான் எனக்குப் படுகிறது. கிறிஸ்துமஸிலிருந்து பன்னிரண்டு நாளும் தினம் ஒன்று தின்றால் வரும் வருடம் அதிர்ஷ்டம் என்பது இன்னொரு நம்பிக்கை. லண்டனில் கடற்படை நிர்வாக அதிகாரியாக இருந்த சாமுவேல் பெப்பீஸ் தன் நாட்குறிப்பில், 1662 ஜனவரி 6 அன்று கடற்படைத் தளபதி சர் வில்லியம் பென் வீட்டுத் திருமண நாள் விருந்தில் ஒரே தட்டில் 18 மின்ஸ் பை வைத்ததாக எழுதியிருக்கிறார், மணமாகி எத்தனை வருடமோ அத்தனை பை!

"கிறிஸ்துமஸ் அன்று இதைத் தின்பது இன்றும் சட்டப்படி குற்றம், தெரியுமா?" என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். நம்பாதீர்கள். 1647இல் நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே தடை செய்தது உண்மை. 1660இல் மன்னராட்சி திரும்பியதும் அந்தத் தடை செல்லாமல் போய்விட்டது.

சாப்பிடும் முறைக்கு வருவோம். ஆறிப்போனதைத் தின்றுவிட்டு "இவ்வளவுதானா" என்று முடிவு கட்டாதீர்கள். ஓவனில் கொஞ்ச நேரம் வைத்தால் மேல்மாவு மொறுமொறுவென்று வரும், வாசனையும் எழும். மைக்ரோவேவ் என்றால் அடியிலுள்ள அலுமினியக் கிண்ணத்தைக் கழற்றிவிடுங்கள். மேலே இளஞ்சூடு தெரிந்தாலும் உள்ளே பூரணம் கொதிக்கும், நாக்கு பத்திரம். மேலே கிரீமோ கஸ்டர்டோ, வெண்ணெயில் சர்க்கரையும் பிராந்தியும் அடித்துச் செய்த பிராந்தி பட்டரோ போடுவார்கள். என் ஓட்டு கஸ்டர்டுக்கு.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் 24ஆம் தேதி இரவு கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு ஒரு மின்ஸ் பையும் கலைமானுக்கு ஒரு கேரட்டும் எடுத்து வைக்கச் சொல்லிப் பள்ளியிலிருந்து கேட்டுக்கொண்டு வருவார்கள். வைத்துவிடுங்கள். பிள்ளைகள் தூங்கியபின் பையைத் தின்பதும் கேரட்டைக் கடித்து வைப்பதும் உங்கள் வேலை.