கடல் குதிரை பற்றி ஊர் மக்களிடம் கேட்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கழிமுகக் கரையில் மக்களின் கருத்தைக் கேட்கக் கிளம்பிய சில இளைஞர்களின் கேள்வித்தாளைச் சமீபத்தில் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே அழகான கடல் குதிரைப் படம். கீழே, "இதைப் பாதுகாக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" பத்து வருடம் முன்பு நான் கேட்ட அதே கேள்வி. மனது கஷ்டமாகிவிட்டது. தேதி விட்டுப்போவது, பெயரைத் தப்பாக எழுதுவது எல்லாம் நீங்களே திருத்திக்கொள்வீர்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

படத்தை முதலில் நீட்டுவது

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு "வேண்டாம்" என்று யார் சொல்வார்கள்? ஒரு பருவம் முழுக்க வீடு வீடாக நடந்து நான் சேர்த்தது வெறும் "ஆமாம்"கள். மக்கள் ஆதரவு பலமாக இருக்கிறது என்று அறிக்கையும் எழுதினேன். அப்புறம், கடற்புல் திட்டில் நங்கூரம் போடாமல் இருக்கலாமா என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. "ஆமாம்" சொன்னவர்களே எழுந்து எதிர்த்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. படகு நிறுத்தும் இடத்தை விட்டுக்கொடுப்பீர்களா என்று நான் கேட்கவே இல்லை.

இன்னொன்றுதான் இன்றுவரை உறுத்துகிறது. கேள்வித்தாளை மூடி எழுந்தபோது ஒரு பெரியவர், "முகத்துவாரம் எப்போ அடைக்கும், எப்போ உடையும், புல்லு எங்கே கருகும்னு ஒண்ணுமே கேட்கலையே தம்பி" என்றார். அதை எழுத என் தாளில் இடமே இல்லை. கடல் குதிரையின் உயிர் இருப்பதோ அதில்தான். நீந்தத் திராணியில்லாமல் வாலால் புல்லைச் சுற்றிக்கொண்டு வாழும் மீன் அது. தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்விளெய் கழிமுகத்தில் 1991-ல் தண்ணீர் 32 டிகிரி வரை சூடேறி, சுமார் 3000 நைஸ்னா கடல் குதிரைகள் செத்தன. அவற்றை யாரும் வலை போட்டுப் பிடிக்கவில்லை.

தண்ணீரைப் பற்றி முதலில் கேளுங்கள். "புல்லுக்குள் என்னென்ன பார்ப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். கடல் குதிரை தானாகப் பேச்சில் வந்தால் அந்தப் பதிலுக்கு மதிப்பு உண்டு. மறு வருடம் அந்தப் பெரியவரிடம் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு மணி நேரம் பேசினார்.

"பார்த்ததில்லை" என்றால் "இல்லை" என்று குறிப்பது

நிறத்தை மாற்றிக்கொண்டு புல்லோடு புல்லாக நிற்கும் உயிரை, வருடக்கணக்கில் படகு ஓட்டியவர்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

சட்டத்தோடு ஆரம்பிப்பது

எல்லாக் கடல் குதிரை இனங்களின் பன்னாட்டு வணிகமும் 2004 முதல், அழியும் ஆபத்துள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. உண்மைதான். ஆனால் அதை வாசலிலேயே சொன்னால், இழுவை வலையில் தானாக வந்து சிக்கியதைக்கூட யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

சொன்னதைத் திருத்துவது

"படகுத்துறைக் கல்லில்தான் நிறைய இருக்கு" என்று ஒருவர் சொன்னால் சிரிக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவின் நைஸ்னா கழிமுகத்தில் படகுத்துறைக் கால்வாய்க் கரைக்குப் போட்ட, கம்பிக் கூடையில் அடைத்த கற்களில், இயற்கையான புல்திட்டுகளைவிட அதிகமாகவே கடல் குதிரைகள் காணப்பட்டன. சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள்.

மீன் பிடிப்பவர்களை மட்டும் கேட்பது

சிப்பி பொறுக்குபவர்களும் இரைப்புழு தோண்டுபவர்களும்தான் அந்தச் சேற்றில் தினமும் கால் வைக்கிறார்கள்.

கேட்டதன் முடிவை ஊருக்குச் சொல்லாமல் போவது

போகாதீர்கள்.