ஒகவாங்கோ சதுப்புநிலத்தைக் காணச் செல்வோருக்கு

போட்சுவானாவின் வடமேற்கில் உள்ள ஒகவாங்கோ டெல்டாவுக்குப் புறப்படுகிறவர்கள், விமானச்சீட்டு வாங்குவதற்கு முன்பே, தாங்கள் அங்கே முதன்மையாகக் காண விரும்புவது நீர்வெளியையா, நிலத்து விலங்குகளையா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். இந்த டெல்டாவை உருவாக்கும் ஒகவாங்கோ ஆறு கடலைச் சேர்வதில்லை. அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பெய்த மழைநீர் மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்து வந்து, கலஹாரி மணலில் விரிந்து, பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது. ஆகவே, போட்சுவானாவில் மழையே இல்லாத ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலத்தில்தான் இங்கே வெள்ளம் உச்சத்தை அடைகிறது. ஓடப் பயணத்துக்கு அந்த மாதங்களே சிறந்தவை. செப்டம்பர், அக்டோபரில் வெயில் கடுமையாக இருக்கும். ஆனால் நீர் வற்றாத இடங்களை நாடி யானைகளும் எருமைகளும் திரள்வதால், சிங்கங்களையும் காண வாய்ப்பு அதிகம். மழைக்காலத்தில் மண்பாதைகள் சேறாகிவிடும் என்றாலும், பறவைகளுக்காகவே செல்கிறவர்கள் அந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

நுழைவாயிலான மௌன் நகருக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து விமானம் உண்டு. அங்கிருந்து உள்முகாம்களுக்குச் செல்லும் சிறு விமானங்களில் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ வரையே சுமை அனுமதிக்கப்படுவதால், சக்கரப் பெட்டியைத் தவிர்த்து மென்மையான துணிப்பையையே கொண்டு செல்லுங்கள். செலவைக் குறைக்க விரும்புவோர் சாலைவழியாக மொரேமி சரணாலயத்துக்குச் செல்லலாம். பட்டவானா மக்கள் தங்கள் வேட்டைநிலத்தைத் தாங்களே காப்பிடமாக்கி 1963இல் உருவாக்கிய சரணாலயம் அது.

எதைக் குறைத்தாலும் மொகோரோ பயணத்தைக் குறைக்க வேண்டாம். முன்பு பெருமரங்களைக் குடைந்து செய்த இந்த ஒடுங்கிய ஓடங்கள், மரங்களைக் காக்கும் பொருட்டு இப்போது பெரும்பாலும் கண்ணாடியிழையில் செய்யப்படுகின்றன. ஓடக்காரர் பின்புறம் நின்று நீண்ட கழியை ஊன்றித் தள்ள, எஞ்சின் ஓசையின்றி அல்லி இலைகளுக்கும் கோரைகளுக்கும் இடையே செல்லும்போது, இலைக்கோழியும், நம் ஊர்க் குளக்கரையில் காணும் அதே கருப்பு வெள்ளை மீன்கொத்தியும் மிக அருகில் தென்படும். ஓடத்தில் எழுந்து நிற்கக் கூடாது. முதலைகள் இருப்பதால் கையை நீரில் விடக் கூடாது. நீர்யானைகள் பகலில் ஆழமான கால்வாய்களில் கிடப்பதால், ஓடக்காரர் ஆழம் குறைந்த வழியைச் சுற்றிக்கொண்டு போனால் அவரை அவசரப்படுத்தாதீர்கள். இரவில் அவை மேய்வதற்குக் கரையேறி முகாம்களின் ஊடாகவே நடக்கும்; வழிகாட்டி இல்லாமல் கூடாரத்தை விட்டு வெளியே வரவே கூடாது.

தீவுகளில் நடக்கும்போது வரிசையாக, பேசாமல் செல்லுங்கள். எந்த விலங்கு எதிர்ப்பட்டாலும் ஓடாமல் வழிகாட்டி சொல்வதைச் செய்யுங்கள். மங்கிய நிற உடைகள், விடியற்காலைக் குளிருக்குக் கனமான மேலாடை, தொலைநோக்கி ஆகியவை அவசியம். மலேரியாத் தடுப்பு மாத்திரை பற்றிப் புறப்படுமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

நீரின் நடுவே இரண்டு இரவுகளாவது தங்குங்கள். ஆழமற்ற நீரில் பாய்ந்தோடும் லெச்வே மான்களை முதல் நாளிலேயே பார்த்துவிடலாம். கோரைக்குள் மறைந்து வாழும் சிட்டதுங்கா மானுக்கும், கரையோரப் பெருமரங்களில் அந்தியில் விழித்தெழும் மீனுண்ணும் பெல் ஆந்தைக்கும் பொறுமை வேண்டும். அவற்றைக் காண விரும்புவதை வழிகாட்டியிடம் முதல் மாலையிலேயே சொல்லிவிடுங்கள்.