காண்டிராக்டர் வைக்காமல் வீடு கட்டுவது எப்படி? (கான்கிரீட்டுக்கு முந்தின நாளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக)

மொத்தக் காண்டிராக்ட் விடாமல், மேஸ்திரி, கம்பி கட்டுபவர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் என்று தனித்தனியாக ஆள் பிடித்து நானே நின்று கட்டிய வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் போனில் சொல்லி மாளவில்லை. அதனால் இந்தப் பதிவு.

மனை, கட்டட அனுமதி, பொறியாளர் போட்டுக்கொடுத்த கம்பி வரைபடம் எல்லாம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். வரைபடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். காண்டிராக்டர் வேலையை நாம் பார்க்கலாம். தூணுக்கு எத்தனை கம்பி என்பதை நாம் முடிவு செய்யக் கூடாது.

படி 1: பின்னாலிருந்து எழுதுங்கள்

எல்லாரும் கடைக்காலில் (அஸ்திவாரத்தில்) தொடங்கிப் பட்டியல் போடுவார்கள். நான் பெயிண்டிலிருந்து தொடங்கினேன். பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் பூச்சு காய்ந்திருக்க வேண்டும். பூச்சுக்கு முன்னால் சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி வயர் பைப் புதைத்திருக்க வேண்டும். காடி வெட்ட, சுவிட்ச் போர்டு எங்கே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்ல, கட்டில் எந்தப் பக்கம் என்று வீட்டில் பேசி முடித்திருக்க வேண்டும்.

இப்படி எழுதும்போதுதான், வேலை பல இடங்களில் நிற்கப்போவது ஆள் வராததால் அல்ல, நான் முடிவு சொல்லாததால் என்று தெரிந்தது. அதனால் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுங்கள்: முன்னால் யார் முடித்திருக்க வேண்டும், என்ன பொருள் வந்திருக்க வேண்டும், நான் என்ன முடிவு சொல்லியிருக்க வேண்டும்.

இதற்குச் செயலிகள் இருக்கின்றன. இரண்டைப் போட்டுப் பார்த்து அழித்துவிட்டேன். பெரிய மாதக் காலண்டரும் ஒரு நீள நோட்டும் போதும். சிமெண்ட் கையோடு போனைத் தொட்டு யாரும் எதையும் பார்க்கப் போவதில்லை. சுவரில் மாட்டியிருந்தால் மேஸ்திரியே நின்று பார்ப்பார்.

படி 2: கூலி பேசும்போது

சதுர அடிக்கு எவ்வளவு என்பதோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். சுவர்ப் பூச்சை அளக்கும்போது ஜன்னல், வாசலைக் கழிப்பதா இல்லையா? சாரம் யாருடையது? கலவை மெஷின், வைப்ரேட்டர் (ஊற்றிய கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் கருவி) வாடகை யார் தலையில்? கட்டியது இறுகத் தினமும் தண்ணீர் விடுவது யார்? உடைத்த குப்பையை அள்ளுவது யார்? இந்த ஐந்தையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் இந்த ஐந்தில்தான்.

பணத்தை நாள்கணக்கில் கொடுக்காமல் கட்டம் முடிய முடியக் கொடுங்கள். கடைசியில் பத்தில் ஒரு பங்காவது நிறுத்தி வையுங்கள். அப்புறம், சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் பொறுப்பு உங்கள் பக்கம் திரும்பக்கூடும். காண்டிராக்டரின் லாபம் மட்டுமல்ல, அவர் தலைவலியும் இனி நம்முடையது. காப்பீட்டை வேலை தொடங்கும் முன்பே விசாரியுங்கள்.

படி 3: கையில் என்ன வேண்டும்

நல்ல டேப், தூக்குக்குண்டு, மூலைமட்டம், ரசமட்டம், டியூப் லெவல். லேசர் லெவல் வாங்கச் சொல்லி நிறைய பேர் சொன்னார்கள். உள்பூச்சுக்கும் டைல்ஸுக்கும் அது அருமை. வெட்டவெளியில் உச்சிவெயிலில் கோடு கண்ணுக்கே தெரியாது. தண்ணீர் நிரப்பிய டியூப் எந்த வெயிலிலும் பொய் சொல்லாது, உள்ளே காற்றுக்குமிழி மட்டும் இல்லாமல் பார்த்துக்கொண்டால். மூலை சரியா என்று பார்க்க 3-4-5 கணக்கு போதும்: ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி வர வேண்டும்.

படி 4: பொருள் எண்ணுதல்

கம்பிக்கு ஒரு சூத்திரம். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி 0.888 கிலோ, 8 மி.மீ. கம்பி 0.395 கிலோ. லாரி வந்ததும் இரண்டு கம்பியை அளந்து எடை போட்டுப் பாருங்கள். கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், பயப்பட வேண்டாம். சிமெண்டைச் சுவரில் சாய்க்காமல் பலகை மேல் அடுக்குங்கள், பத்து மூட்டை உயரத்துக்கு மேல் வேண்டாம், பழசை முதலில் எடுங்கள்.

படி 5: தளம் போடுவதற்கு முந்தின நாள்

நான் சறுக்கியது இங்கேதான். அதனால் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் முதல் தளத்துக்கு, அதாவது கீழ்வீட்டின் கூரைக் கான்கிரீட்டுக்கு, சென்டரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அடைப்பு) நன்றாக அடித்திருந்தார்கள். கம்பி வரைபடப்படி கட்டியிருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து ஃபேன் பாக்ஸும் பைப்பும் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலைக்குள் கான்கிரீட் முடிந்தது. சில வாரம் கழித்து, முட்டு (பலகையைத் தாங்கும் கம்பங்கள்) பிரித்த பிறகு, பிளம்பர் நான்கு அங்குல பைப்பைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். மாடிக் கழிப்பறைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "சார், நான் எங்க இறங்குறது?" என்றார். பைப் இறங்க வேண்டிய இடத்தில் முழுக் கான்கிரீட்.

கம்பி கட்டியவர் மேல் தப்பில்லை, அவர் வரைபடத்தில் அந்த ஓட்டை இல்லை. பிளம்பர் மேலும் தப்பில்லை, அவரை நான் கூப்பிடவே இல்லை. எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள். இரண்டு வேலைக்கு நடுவில் இருக்கிற இடம் யாருடையது என்றால், காண்டிராக்டருடையது. அதாவது என்னுடையது.

பொறியாளரைக் கூப்பிட்டு, பீமைத் தொடாமல் எங்கே குடையலாம் என்று குறிக்கச் சொல்லி, மெஷின் வைத்துத் துளை போட்டோம். பைப் நினைத்த மூலையில் இறங்கவில்லை. அதை மறைக்கக் கூடத்தில் ஒரு பெட்டிச் சுவர் எழுப்ப வேண்டியிருந்தது. வருகிறவர்கள் அதைத் தூண் என்று நினைக்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

இரண்டாவது தளத்துக்கு நான் செய்தது இதுதான். முந்தின நாள் மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, மேஸ்திரி, கம்பி கட்டுபவர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் நால்வரையும் ஒரே நேரத்தில் சென்டரிங் மேல் ஏற்றினேன். கையில் அறைகளின் வரைபடம். ஒவ்வோர் அறையாக நடந்து, இந்த அறைக்கு மேலிருந்து என்ன இறங்குகிறது, கீழிருந்து என்ன ஏறுகிறது என்று சத்தமாகக் கேட்டேன். கழிப்பறைக் குழாய், மழைநீர்க் குழாய், மோட்டார் லைன், மாடிக்குப் போகும் வயர், ஏசி பைப். அரைமணி நேர வேலை. அதில் ஒரு மழைநீர்க் குழாய் விட்டுப்போனது பிடிபட்டது.

அப்படியே கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டை) இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். எனக்குச் சொன்ன அளவு தளத்துக்கு 20 மி.மீ., பீமுக்கு 25, தூணுக்கு 40, கடைக்காலுக்கு 50. உங்கள் வரைபடத்தில் வேறு இருந்தால் அதுதான் கணக்கு. உடைந்த கல்லைச் சொருகுவார்கள், விடாதீர்கள். கடைசியாக எல்லாவற்றையும் டேப்பை வைத்துப் படம் எடுங்கள். பின்னால் டிரில் போடும்போது பைப் எங்கே என்று அந்தப் படம்தான் சொல்லும்.

கான்கிரீட் அன்று நீங்கள் காவல் காக்க வேண்டியது தண்ணீரை. கலவை இளக்கமாக இருந்தால் தள்ளுவது சுலபம், அதனால் ஊற்றத்தான் பார்ப்பார்கள். 1:1.5:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவைக்கு ஒரு 50 கிலோ மூட்டைக்குச் சுமார் 25 லிட்டர், மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைவு. வாளியில் கோடு போட்டு வைத்தேன். வைப்ரேட்டர் இரண்டு இருக்கட்டும், ஒன்று வேலை நடுவில் பழுதாகி நின்றுவிடும். மழை வந்து பாதியில் நிறுத்த வேண்டியிருந்தால் எந்த இடத்தில் நிறுத்தலாம் என்பதையும் பொறியாளரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

படி 6: தண்ணீர் விடுதல்

கான்கிரீட் நன்றாக இறுக, தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்குங்கள். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாள். நான் 14 நாள் விட்டேன்.

பிற்சேர்க்கை

முட்டு எப்போது பிரிப்பது என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். என் பொறியாளர் எழுதிக்கொடுத்தது: தாங்கும் சுவர் அல்லது பீம்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம் 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். சென்டரிங்காரர் பலகையை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக அவசரப்படுவார். காலண்டரைக் காட்டுங்கள்.

இன்னொருவர், ஓட்டைக்கு வைத்த பைப்புக்குள்ளேயே கான்கிரீட் போய் அடைத்துவிட்டதாக எழுதியிருந்தார். வாயில் சாக்கைத் திணித்து மேலே டேப் ஒட்டுங்கள், ஃபேன் பாக்ஸுக்கும் அப்படியே. ஆள் நடமாட்டத்தில் நகராமல் இருக்கக் கட்டுக்கம்பியால் இரண்டு பக்கமும் இறுக்கிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் சாய்ந்துவிடும்.