உதட்டுப் பிளவோடு பிறந்த பிள்ளையின் மனத்தைப் பேணுவது எப்படி?

மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் உதட்டையும், வாயின் மேற்கூரையான அண்ணமும் பிளந்திருந்தால் ஒன்றரை வயதுக்குள் அதையும் தைத்துச் சரிசெய்த பிறகு, பல வீடுகளில் அந்தப் பேச்சே எழுவதில்லை. பிள்ளை வருந்தக் கூடாது என்ற அன்பினால்தான் பெற்றோர் வாய் திறப்பதில்லை. ஆனால் அறுவைச் சிகிச்சைக்கு முந்திய படங்களைப் பீரோவின் அடித்தட்டில் ஒளித்துவைத்திருக்கும் வீட்டில் வளரும் பிள்ளை, தன் முகத்தில் பேசக் கூடாத ஏதோ ஒன்று இருக்கிறது என்றே புரிந்துகொள்கிறது. ஆகவே முதல் வேலையாக அந்தப் படங்களை எடுத்துக் குடும்ப ஆல்பத்தில் சேர்த்துவிடுங்கள்.

பிள்ளை காரணம் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கருவின் முதல் மூன்று மாதங்களில் முகத்தின் இரு பக்கங்களும் நடுவில் வந்து இணைகின்றன. அந்த இணைப்பு முழுமையடையாமல் போனதே பிளவு. கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததாலோ, அரிவாள்மனையில் காய் நறுக்கியதாலோ இது வருவதில்லை. இதைப் பாட்டியிடமும் அத்தையிடமும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அம்மாமீது விழும் பழியைக் கேட்டு வளரும் பிள்ளை, தான் பிறந்ததே அவளுக்குத் துன்பம் என்று எண்ணத் தொடங்கும்.

“உதட்டில் என்ன?” என்று யாராவது கேட்கும் நாள் எப்படியும் வரும் என்பதால், விடையை வீட்டிலேயே பழக்குங்கள். அக்காவோ அண்ணனோ புதிதாகச் சேர்ந்த மாணவராக நடித்துக் கேட்கட்டும்; “பிறக்கும்போதே உதடு பிளந்திருந்தது, ஆபரேஷன் செய்து தைத்திருக்கிறார்கள். நீ எந்த ஊர்?” என்று சொல்லிப் பேச்சைத் தன் கையில் எடுத்துக்கொள்ளப் பிள்ளை பழகட்டும். விடை சொல்வதும் சொல்லாமல் விடுவதும் பிள்ளையின் விருப்பம். நீங்கள் முந்திக்கொண்டு விளக்க வேண்டாம்.

அண்ணப் பிளவு இருந்த பிள்ளைகளுக்குத் தழும்பைவிடப் பேச்சே பெரிய சுமையாக இருக்கலாம். காற்று மூக்கு வழியே கசிவதால் வல்லின எழுத்துகள் வலுவிழந்து, ‘பாட்டி’ என்பது ‘மாட்டி’ போல ஒலிக்க, வகுப்பு சிரிக்கிறது. மறுநாளிலிருந்து பிள்ளை கை தூக்குவதில்லை. பேச்சுப் பயிற்சியைத் தொடருங்கள். வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருக்கும்படியும், பிள்ளையைக் கேட்காமல் வாசிப்பிலிருந்து விலக்க வேண்டாம் என்றும் ஆசிரியரிடம் சொல்லுங்கள். நடுச்செவியில் நீர் தேங்குவது இவர்களிடம் அதிகம் என்பதால், கவனமில்லை என்ற புகார் வந்தால் கண்டிப்பதற்கு முன் செவித்திறனைப் பரிசோதியுங்கள்.

பதின்வயதில் தாடை, மூக்கு, உதட்டுத் திருத்தங்கள் பற்றிய பேச்சு மீண்டும் தொடங்கும். “கல்யாணத்துக்கு முன் செய்துவிடலாம்” என்ற சொல் பிள்ளையின் காதில் விழவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எது மாறும், எது மாறாது, எத்தனை நாள் வலிக்கும் என்ற கேள்விகளைப் பிள்ளையே நோட்டில் எழுதிவரட்டும்; மருத்துவரிடம் சிறிது நேரம் தனியாகவும் பேசட்டும். தோற்றத்துக்காக மட்டும் செய்யும் திருத்தத்துக்கு “இப்போது வேண்டாம்” என்று பிள்ளை சொன்னால், அதை முழு விடையாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

பள்ளிக்குப் போக மறுப்பது, பிறர் முன் சாப்பிடாமல் இருப்பது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். வாழவே பிடிக்கவில்லை என்று பிள்ளை ஒருமுறை சொன்னாலும், தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.