பழைய டீசல் அம்பாசடரில் டிக் டிக் சத்தம்: இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பல வீட்டுக் கார் கொட்டகைகளில் ஐயா காலத்து டீசல் அம்பாசடர் இன்னும் நிற்கிறது. கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), கோயில் திருவிழா என்று குடும்பம் ஊருக்கு வரும்போதுதான் அதைக் கிளப்புவார்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டி ஓடத் தொடங்கியதும் பானட்டுக்குள்ளிருந்து டிக் டிக் என்று கேட்கும். "டேப்பட் அடிக்குது, கொஞ்சம் டைட் வச்சாச் சரியாப் போயிரும்" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டேப்பட் என்று இங்கே சொல்வது, வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற இரும்புக் கையையும் அதன் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்க்ரூவையும் சேர்த்துத்தான். அதைச் சத்தம் அடங்கும்வரை இறுக்கினால் வால்வு முழுதாக மூடாது. எரிந்த வாயு அந்தச் சந்து வழியே சீறி வால்வின் ஓரத்தைக் கருக்கிவிடும். கம்ப்ரஷன் போகும், காலையில் ஸ்டார்ட் ஆகாது, கடைசியில் ஹெட்டைக் கழற்ற வேண்டி வரும். டேப்பட்டில் நாம் தேடுவது சரியான இடைவெளியை. சத்தம் குறைவது அதன் பின்னால் தானாக வரும்.

இங்கே சொல்வது 1489 சிசி டீசல் எஞ்சின் உள்ள அம்பாசடரை மனதில் வைத்து. நான்கு சிலிண்டர், புஷ்ராட் (கீழிருந்து ராக்கரைத் தள்ளும் கம்பி) வைத்த பழைய பிஎம்சி (பிரிட்டிஷ் கார் நிறுவனம்) வடிவமைப்பு. மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள பழைய ஜீப்புக்கும் டிராக்டருக்கும் பெரும்பாலும் இதே முறைதான். காமன் ரயில் (மிக அதிக அழுத்தத்தில் டீசலை ஒரே குழாயில் தேக்கி அடிக்கும்) எஞ்சின் உள்ள புதிய வண்டிக்கு இது பொருந்தாது. அதில் டீசல் குழாயைத் தளர்த்துவது உயிருக்கே ஆபத்து.

தேவையானவை: ரிங் ஸ்பேனர் செட், நீளமான திருப்புளி ஒன்று, சாதாரணத் திருப்புளி ஒன்று, ஃபீலர் கேஜ் (கடையில் பில்லர் கேஜ் என்று கேட்டால் கொடுப்பார்கள்), டார்ச், பழைய துணி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, புது டேப்பட் கவர் பேக்கிங். வேட்டியோ தோளில் துண்டோ வேண்டாம். இந்த எஞ்சினின் ஃபேன் மூடாமல் சுற்றும். தொங்குகிற எதையும் அது இழுத்துக்கொள்ளும்.

படி 1: கிளப்புவதற்கு முன்

வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளி நிறுத்துங்கள். மூடிய இடத்தில் டீசல் புகையைச் சுவாசிக்கக் கூடாது. அப்புறம் ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஆயில் குறைவாக இருந்தால் அல்லது தண்ணீர் போல ஓடினால், முதல் வேலை ஆயில் மாற்றுவதுதான். டீசல் கலந்து நீர்த்துப்போன ஆயில் மேலே ராக்கர் வரை போனாலும் அங்கே நிற்காது. 15டபிள்யூ-40 டீசல் எஞ்சின் ஆயிலும் புது ஃபில்டரும் போட்டபின் சத்தம் பாதியாகக் குறைந்த வண்டிகள் உண்டு.

பல மாதம் நின்ற எஞ்சினை நேரடியாக ஸ்டார்ட்டர் போட்டுச் சுற்றாதீர்கள். வால்வு தண்டு துருவேறி கைடில் (அது ஓடும் குழலில்) ஒட்டியிருந்தால் புஷ்ராட் வளையும், சில சமயம் கழன்று விழும். நாலாவது கியரில் போட்டு, இரண்டு பேர் சேர்ந்து வண்டியை மெல்ல முன்னால் தள்ளி, எஞ்சின் தடையில்லாமல் இரண்டு சுற்று சுற்றுகிறதா என்று பாருங்கள்.

படி 2: சத்தத்தைக் கேளுங்கள்

இந்த வேலையில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இதுதான். பழைய டீசல் எஞ்சின் குளிர்ந்த நிலையில் கடகடவென்று இரைவது இயல்பு. அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அந்த இரைச்சலுக்கு மேலே தனியாக, கூர்மையாக, ஒரே தாளத்தில் கேட்கும் டிக் டிக்கைத்தான் தேடுகிறோம்.

முதலில் நேரத்தைக் கவனியுங்கள். ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் சத்தம் அடங்கினால், நின்ற காலத்தில் மேலிருந்த ஆயில் முழுதும் கீழே இறங்கியிருந்தது, அவ்வளவுதான். ஐந்து பத்து நிமிடத்தில் எஞ்சின் சூடேற ஏறக் குறைந்தால் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங்கைச் சந்தேகியுங்கள். சூட்டில் இரும்பு விரிந்து சந்தை அடைத்துக்கொள்ளும். சூடான பிறகும் அதே போல, ஐடிலில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஓடும்போது) தெளிவாக, மேலிருந்து கேட்டால் டேப்பட்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து தாளம். வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஐடிலில் ஓடும்போது ஒரு டேப்பட் 400 தடவைதான் தட்டும், அதாவது நொடிக்கு ஆறேழு தட்டு. கிராங்க் புல்லி, ஃப்ளைவீல் போல கிராங்க்கோடு சுற்றும் பொருள் இதைவிட இரு மடங்கு வேகத்தில் தட்டும். காதால் எண்ண முடியாது என்றால் போனில் பதிவு செய்து மெதுவாக ஓடவிட்டுக் கேளுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒரு சிலிண்டரின் நாசிலும் (உள்ளே டீசலைத் தெளிக்கும் பாகம்) இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் டீசல் அடிக்கும். ஆகவே தாளத்தை மட்டும் வைத்து நாசிலையும் டேப்பட்டையும் பிரிக்க முடியாது. அதற்கு நாலாம் படி இருக்கிறது.

மூன்றாவது, இடம். நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்துங்கள். டாக்டர் ஸ்டெத்தஸ்கோப் வைப்பது போல ஒவ்வோர் இடமாக நகர்த்துங்கள். டேப்பட் கவரின் மேல் நான்கு இடம், ஒவ்வொரு நாசிலின் உடம்பு, டீசல் பம்ப், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், கடைசியாகக் கீழே பிளாக்கின் பக்கவாட்டு. எங்கே சத்தம் கையிலும் எலும்பிலும் உறைப்பாக ஏறுகிறதோ அந்த இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். திருப்புளி ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகே போகவே கூடாது.

கீழிருந்து தடித்த குரலில் டொக் டொக் என்று வந்து, ஆக்சிலேட்டர் கொடுத்தால் பலமாகி, ஆயில் விளக்கும் மினுக்கினால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். அது பிஸ்டன் கம்பி கிராங்கோடு சேரும் இடத்தில் உள்ள பிக் எண்ட் பேரிங்காக இருக்கலாம். வண்டியைக் கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டு போக வேண்டும், ஓட்டக் கூடாது.

படி 3: சுலபமானவற்றைக் கழித்துவிடுங்கள்

எஞ்சினை நிறுத்தி ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். சத்தம் மறைந்தால் வாட்டர் பம்ப் அல்லது ஆல்டர்னேட்டர் பேரிங். மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்தில் டார்ச் அடித்து, கரி படிந்த கோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அங்கேதான் கசிவு. தடித்த துணியால் சைலன்சர் வாயை இரண்டு நொடி பாதி மறைத்தால் அந்தச் சத்தம் கூடும். பேக்கிங் மாற்றி, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்கினால் தீர்ந்தது.

படி 4: டேப்பட்டா, நாசிலா?

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது முதல் நாசிலுக்கு வரும் டீசல் குழாயின் நட்டைத் துணியால் சுற்றி, ஸ்பேனரால் அரைத் திருப்பு தளர்த்துங்கள். டீசல் வெளியே கசியும், அந்த சிலிண்டர் வேலையை நிறுத்தும், எஞ்சின் தடுமாறும். இப்போது டிக் டிக்கைக் கேளுங்கள். நட்டை இறுக்கிவிட்டு அடுத்த சிலிண்டருக்குப் போங்கள்.

ஏதாவது ஒரு சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் மறைந்தால் கோளாறு அந்த சிலிண்டரின் எரிப்பில் இருக்கிறது. பெரும்பாலும் நாசில்தான். பிஸ்டன் அல்லது பேரிங் தட்டலும் இப்படிக் குறையும், ஆனால் அதன் குரல் கனமாகக் கீழிருந்து வரும். எந்த சிலிண்டரை நிறுத்தினாலும் சத்தம் மாறவில்லை என்றால் டேப்பட் பக்கம் போகலாம்.

பழைய நாசிலே நூறு பாருக்கு மேல் அழுத்தத்தில்தான் திறக்கும். அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். குழாயின் முன் விரலை நீட்டாதீர்கள். பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நாசில்தான் குற்றவாளி என்று தெரிந்தால் வீட்டில் பிரிக்க வேண்டாம். கழற்றி டீசல் பம்ப் சர்வீஸ் செய்யும் கடையில் கொடுங்கள். கை டெஸ்டரில் வைத்து, எந்த அழுத்தத்தில் திறக்கிறது, மூடுபனி போலத் தெளிக்கிறதா, நுனியில் சொட்டுகிறதா என்று பார்ப்பார்கள். மாதக்கணக்கில் நின்ற டீசல் பிசினாகி ஊசியை ஒட்ட வைப்பது நம் பக்கத்து வண்டிகளில் சகஜம். திருப்பி மாட்டும்போது அடியில் புது செம்பு வாஷர் போடுங்கள், பழையது மறுபடி சரியாக அமராது. டேங்கில் உள்ள பழைய டீசலையும் வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாசில் மறுபடி ஒட்டும்.

நான்கு சிலிண்டரும் ஒன்றாகக் கூர்மையாக அடித்தால், அதுவும் பம்பில் கை வைத்த பிறகு தொடங்கியிருந்தால், பம்ப் டைமிங் (டீசல் அடிக்கும் நேரம்) முன்னால் போயிருக்கலாம். அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

படி 5: டேப்பட் வைப்பது

ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவில் சிறு இடைவெளி இருக்க வேண்டும், சூட்டில் வால்வு நீளும்போது அந்த இடம் அதற்குத் தேவை. பழைய டீசல்களில் இது பொதுவாக 10 முதல் 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது ஏறக்குறைய 0.25 முதல் 0.38 மில்லிமீட்டர். உங்கள் எஞ்சினுக்கு எத்தனை, சூட்டில் பார்ப்பதா குளிர்ந்தபின் பார்ப்பதா என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்து அதையே பின்பற்றுங்கள். குளிர்ந்தபின் என்று போட்டிருந்தால், இரவு முழுக்க நின்ற எஞ்சின் என்று பொருள். சித்திரை மத்தியான வெயிலில் நின்ற வண்டியையும் இரவு முழுக்க ஆறவிட்டே பாருங்கள்.

1. டீசலை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்து வையுங்கள், பேட்டரி வயரைக் கழற்றுங்கள். டேப்பட் கவரைச் சுற்றி உள்ள செம்மண் தூசியை முதலில் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். அந்தத் தூசி உள்ளே விழுந்தால் சத்தத்தைவிடப் பெரிய தொல்லை.

2. கிராங்க் நட்டில் பெரிய ஸ்பேனர் போட்டு எஞ்சினைச் சுற்றுங்கள். டீசலின் கம்ப்ரஷன் மிக அதிகம். கிளப்பும் முன் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் ஒரு கையால் சுற்றலாம்.

3. நாலாம் சிலிண்டரின் இரண்டு வால்வுகளைப் பாருங்கள். ஒன்று மூடி முடிக்கும்போது மற்றது திறக்கத் தொடங்கி, இரண்டு ராக்கரும் ஒரே நேரத்தில் அசையும் இடம் வரும். அங்கே நிறுத்துங்கள். இப்போது முதல் சிலிண்டரின் இரண்டு வால்வும் முழுதாக மூடியிருக்கும், அவற்றின் இடைவெளியை வைக்கலாம்.

4. அரைச் சுற்றுக்கு ஒரு சிலிண்டராகத் தொடருங்கள். எரிப்பு வரிசை 1-3-4-2. இரண்டாவது அசையும்போது மூன்றாவதை வையுங்கள், முதலாவது அசையும்போது நாலாவதை, மூன்றாவது அசையும்போது இரண்டாவதை.

5. ஃபீலர் தகடு லேசான பிடிப்போடு உள்ளே போய் வர வேண்டும். 12 தௌ தேவை என்றால் 12 போக வேண்டும், 14 போகக் கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவைத் திருப்புளியால் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கியபின் கட்டாயம் மறுபடி அளவெடுங்கள், நட்டு இறுகும்போது ஸ்க்ரூவும் கொஞ்சம் திரும்பிவிடும்.

எல்லாம் சரியாக வைத்தும் ஒரே ஒரு டேப்பட் மட்டும் அடித்தால், அந்த ராக்கரின் நுனியைத் தடவிப் பாருங்கள். பல ஆண்டு தட்டித் தட்டி அங்கே குழி விழுந்திருக்கும். தகடு குழியின் இரு கரையிலும் உட்கார்ந்துகொள்வதால் அளவு சரியென்று காட்டும், உண்மையான இடைவெளி அதைவிடப் பெரிதாக இருக்கும். மேலும் இறுக்குவது தீர்வாகாது. ராக்கரைக் கழற்றி நுனியைச் சாணை பிடித்துச் சமன் செய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். இந்த எஞ்சின் வகையில் ராக்கர் ஷாஃப்டைப் பிடிக்கும் சில நட்டுகள் ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கலாம். அவற்றைத் தளர்த்தினால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்கி ஹெட் பேக்கிங் கெடும். ஆகவே முதலில் தண்ணீரை வடியுங்கள், மாட்டும்போது கையேட்டில் உள்ள டார்க்கில் (இறுக்க அளவில்) இறுக்குங்கள்.

அதே நேரத்தில் புஷ்ராடுகளையும் எடுத்து, எந்தத் துளையிலிருந்து எடுத்தோம் என்று வரிசையாக அட்டையில் குத்தி வையுங்கள். வளைவு பார்க்கத் தட்டையான கண்ணாடி வேண்டும். ஆத்தங்குடிக் கல் வார்ப்பவர்களிடம் கேட்டால் அவர்கள் பயன்படுத்தும் தடித்த கண்ணாடித் துண்டு கிடைக்கும். அதில் உருட்டும்போது துள்ளினால் ராட் வளைந்திருக்கிறது. நிமிர்த்த முயல வேண்டாம், மாற்றுங்கள். அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டதால் உதிரிபாகத்துக்கு மதுரை அல்லது திருச்சி வரை விசாரிக்க வேண்டி வரலாம்.

படி 6: மூடுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள்

ஹீட்டர் பிளக்குகளையும் பேட்டரி வயரையும் மாட்டி, கவர் இல்லாமலே ஐடிலில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். ஒவ்வொரு ராக்கரிலும் ஆயில் கசிந்து வர வேண்டும். ஒன்று மட்டும் காய்ந்திருந்தால் ஷாஃப்டின் ஆயில் துளை அடைத்திருக்கிறது. கழற்றிக் கம்பி விட்டு, டீசலில் கழுவ வேண்டும். ஆக்சிலேட்டர் கொடுக்காதீர்கள், ஆயில் தெறிக்கும்.

எல்லாம் ஈரமாக இருந்தால் எஞ்சினை நிறுத்தி, புது பேக்கிங் வைத்துக் கவரை மூடுங்கள். நட்டை அளவோடு இறுக்குங்கள், அதிகம் இறுக்கினால் கவர் நெளிந்து ஆயில் ஒழுகும். பிள்ளையார்பட்டி வரை ஒரு சுற்று போய்வந்து, எஞ்சின் ஆறியபின் ஆயில் அளவை மறுபடி பாருங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் டேப்பட்டை ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

அடுத்த திருவிழாவுக்கு வண்டியை எடுக்கும்போது, எஞ்சினைத் தள்ளிச் சுற்றிப் பார்த்தபின், ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரை ஐந்தைந்து நொடியாக இரண்டு மூன்று தடவை சுற்றுங்கள். ஆயில் விளக்கு அணைந்ததும் கேபிளை விட்டுவிட்டுக் கிளப்பலாம்.